குடி என்று போட்டிருந்த கட்டம்

அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகப்போக எழுத எனக்கு மனம் வராது. பொய் பேசமாட்டார். யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கமாட்டார். தன் வேட்டியைத் தானே துவைத்துக் காயப்போடுவார். மட்டக்களப்புக்கு வந்திருந்த இரண்டு நாளும் வாடிவீட்டில், அதாவது அரசாங்க விடுதியில், கட்டிலைத் தொடாமல் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தார். இப்படிப்பட்ட ஒருவரால் ஒரு குடும்பம் கெட்டுப்போகும் என்று அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவனோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

கெட்டவனால் கெட்டுப்போனால் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் இருப்பான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போயிற்று.

யுத்தம் முடிந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி ஏறி, அடுத்து இந்தப் பக்கமும் ஒரு கொடி ஏறி, இரண்டு நாடுகளும் புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டார் மாதிரி ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் இருந்த காலம். அவர் இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகக் கொழும்பில் இருந்தார். தலைமைப் பதவி இல்லை. ஆனால் அவர் எழுதுகிற குறிப்பு டில்லி வரைக்கும் போகும் என்றார்கள். நான் மட்டக்களப்புக் கச்சேரியில் கிளாக்கர். பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிட வேண்டாம். அரசாங்க அதிபரின் அலுவலகத்தை இலங்கையில் கச்சேரி என்றுதான் சொல்வோம்.

கெட்டுப்போனவன் என் சகலன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டோடு போய்விடுவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அதனால் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. விடிந்ததும் கிணற்றடியில் வேப்பங்குச்சியும் வாயுமாக நானும் அவனும் நிற்போம். ஊர்வம்பு முழுவதும் அங்கேதான் பேசுவோம். என்னை வாய் நிறைய "அண்ணன்" என்பான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அந்தக் குறை அவன் வந்த பிறகு எனக்குத் தோன்றியதே இல்லை.

அவனுக்குப் பாதையில் வேலை. வெளியூரார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். வாவியைக் கடப்பதற்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற பெரிய தட்டைப் படகுக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். சூரியன் எழுகிற கரை எழுவான்கரை. கடையும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் அங்கே. சூரியன் படுகிற கரை படுவான்கரை. நெல் விளைகிற வட்டைகள் அங்கே. இரண்டுக்கும் நடுவில், கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து என் சகலன். பிரசவ வேதனையில் துடிக்கிற பெண்ணையும் அவன்தான் இக்கரைக்குக் கொண்டுவருவான், பிள்ளையோடு அவளை அக்கரைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அவன் பாதையை விட்டு இறங்கவில்லை. அரசாங்க வேலை, காக்கிச் சட்டை. அந்தச் சட்டையில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. சாவு வீட்டுக்குக்கூடப் போட்டுக்கொண்டு வந்து திட்டு வாங்கியிருக்கிறான்.

இனிக் குடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பில் ஒரு புது ஆளைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "என்ன குடி?" என்றுதான் கேட்போம். குடி என்றால் தாய்வழி. தாயின் குடி எதுவோ அதுதான் பிள்ளையின் குடி. தகப்பன் வேறு குடி. அவன் குடி அவனோடு சரி. யார் யாரைக் கட்டலாம், கோயிலில் யாருக்கு எந்த நாள் திருவிழா, யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் குடியை வைத்துத்தான். சகலனின் தாய் எங்கள் ஊரில் பேர் சொன்னால் தெரிகிற குடி. தாய்மாமன் செத்த பிறகு அந்தக் குடிக்கு எங்கள் ஊரில் மூத்த ஆண் அவன்தான். கோயிலில் அந்தக் குடியைக் கூப்பிட்டால் எழுந்து போவதும் அவன்தான். அவன் குடிக்கு அடுத்ததாகக் கூப்பிடுவது என் குடியை; அதற்கு மூத்த ஆண் நான். அவன் குடியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

அவனுடைய தகப்பன் கதை வேறு. அந்த மனிதரைக் கைக்குழந்தையாக, ஓடு ஏற்றிவந்த ஒரு தோணியில், இராமநாதபுரத்துக் கரையிலிருந்து தூக்கி வந்தார்களாம். இங்கேயே வளர்ந்தார், இங்கேயே கட்டினார், இங்கேயே மண்ணுக்குள் போனார். அந்தக் கடலோர ஊரின் பெயர் மட்டும் அவர் வாயில் ஒன்றிரண்டு தரம் வந்திருக்கிறது. சகலனுக்கு அது ஒரு சொல். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது புதிய சட்டம் வந்தபோது. ஒருவன் இந்த நாட்டுக்காரனா என்று அறிய வேண்டுமானால் அவன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று பார்க்க வேண்டும் என்றது சட்டம். தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதலில் கேட்கப்படாத ஆளைத்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள். இந்த நாட்டுக்காரன் இல்லை என்றால் அரசாங்க வேலையும் இல்லை, உரிமையோடு இங்கே இருக்கவும் முடியாது.

அப்படியும் நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவு யாரிடம் இருந்தது? ஊர்த் தலைவரான விதானையார் கிணற்றடிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "அவன்ட அப்பன் இஞ்ச பிறந்த ஆள்தான் எண்டு நான் எழுதித் தாறன். ஆரு வந்து இல்ல எண்டு சொல்லப்போறான்? நீங்க பேசாம இருங்க, அது போதும்." பேசாமல் இருந்தால் போதும். அது ஒன்றைத்தான் எங்களிடம் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். மட்டக்களப்பில் இந்தியத் தொடர்பு உள்ளவர்களைச் சந்திக்கிறாராம். கடைக்காரர், நகை வேலை செய்பவர்கள், முடி வெட்டுகிறவர்கள், நகரம் கூட்டுகிற தொழிலாளர்கள், ஒரு கோயில் ஐயர் என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எழுத்து வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது கச்சேரியில் நான் முந்திக்கொண்டு கையை உயர்த்தினேன். எனக்கு அந்தக் காலத்தில் இந்தியா என்றால் பைத்தியம். அங்கே சுதந்திரப் போராட்டக்காரர்கள் ஜெயிலுக்குப் போன செய்திகளைப் பத்திரிகையில் வெட்டிவைத்து வளர்ந்தவன். பெட்டிக்குள் ஒரு கதர்ச் சட்டை வைத்திருந்தேன். அன்றைக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வாடிவீட்டுக்குப் போனேன்.

எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் வந்தது. அவர் தொடவில்லை.

"தோட்டங்களில் நம்மவர்கள் கண்ணீர் விட்டு வளர்த்த இலை இது. இந்த நாட்டில் இருக்கும்வரை இதைத் தொடுவதில்லை என்று வந்த அன்றைக்கே விரதம் எடுத்துக்கொண்டேன்" என்றார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. நானும் என் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அதற்குள் பாதி குடித்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். எங்கள் கோயிலை நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்தான் மாலை போட்டார். போட்டுவிட்டு, எங்கள் ஊர் மரியாதைப்படி, வாஞ்சையாகக் கேட்டார்: "ஐயா என்ன குடி?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் குடிப்பதில்லை! கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறை சென்றவன் நான்" என்றார் எல்லோருக்கும் கேட்க.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வண்ணக்கர் பாவம், திருதிருவென்று விழித்தார். நான் முன்னால் போய் விளக்கினேன். தாய்வழி, ஐயா. இங்கே இதுதான் ஒருவனுக்கு முகவரி. அவர் சிரிக்கவில்லை.

"தாய் வழியா? அப்படியானால் தகப்பன்?"

"தகப்பன் வேற குடி ஐயா. பிள்ளைகள் தாய்ட குடி."

"தகப்பனைக் கணக்கில் எடுக்காத ஊரா?" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்கு மட்டும் கேட்டது. அந்தக் குரலில் கோபம் இல்லை, ஏதோ வலி இருந்தது. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நான் அவருடைய கதர் எவ்வளவு வெள்ளை என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நன்றாகப் பேசினார். ஒருவனுடைய நாடு அவன் தகப்பன் பிறந்த நாடு, பிழைக்கப் போன இடம் பிழைப்புக்குத்தான், அதை மறைத்து வாழ்வது கூனிக் குறுகி வாழ்வது என்றார். இரண்டு நாடுகள் நட்பாக இருக்க வேண்டுமானால் ஒன்றிடம் ஒன்று எதையும் ஒளிக்கக் கூடாது என்றார். இந்தியா இனி அடிமை நாடு இல்லை, கடல் தாண்டிப் போன ஒவ்வொரு பிள்ளையையும் அது பெயர் சொல்லித் தேடும் என்றபோது முடி வெட்டுகிற கிழவர் ஒருவர் அழுதேவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். என் தட்டல்தான் பலமாகக் கேட்டது.

பேச்சு முடிந்ததும் ஒரு பெரிய புத்தகத்தை மேசையில் வைத்தார்கள். நம்மவர்கள் விபரம் என்றார்கள். அச்சடித்த கட்டங்கள். பெயர். பிறந்த ஊர். தகப்பன் பிறந்த ஊர். நாலாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல்: குடி. எழுதுகிற வேலை எனக்கு.

எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதற்காகச் சென்னையிலோ கொழும்பிலோ யாரோ ஒரு ஆள் அந்தச் சொல்லைச் சுருக்கிப் போட்டிருக்கிறான். எங்கள் கண்ணுக்கு அது அப்படித் தெரியுமா? தாய் இந்த ஊர்க்காரியாக இருந்தவர்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாயின் குடியைச் சொன்னார்கள். நானும் எழுதினேன். தாயும் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆளாக இருந்தவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு கோடு போட்டேன்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவரும் வந்திருந்தார். அவருடைய வாப்பா காயல்பட்டினத்து ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடினார்.

"என்ட ஊர்ப் பேரிலயே குடி கிடக்கு கிளாக்கர். மறுகா என்னத்துக்கு இதில ஒண்டு?" என்றார்.

போகிற போக்கில் என் காதோரம் குனிந்து, "பேர் கேக்கிறவர் நல்ல மனிசன்தான். அந்தப் பேர் எங்க போகுது எண்டு கேட்டீங்களா?" என்றார். வியாபாரப் புத்தி, இவருக்கு எங்கே தேசம் தெரியப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சகலன் அங்கே வந்திருக்க வேண்டிய ஆளே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான்தான் காலையில் கிணற்றடியில் வைத்து, பாதை வேலை முடிந்ததும் ஒருதரம் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ என்று வருந்தி வருந்திச் சொன்னேன். வந்தான். காக்கிச் சட்டை, முழங்கால் வரை ஈரம். அவரைக் கும்பிட்டான். அவர் இவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் கம்பி இழுத்துக் காய்த்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அதில் நான் பொய் சொல்லமாட்டேன், அன்போடுதான் தடவினார்.

"எழுதுவம் தம்பி, பேரச் சொல்லு" என்றேன்.

"எனக்கு என்னத்துக்கு அண்ணன்? நான் இந்தியாவக் கண்டதே இல்லயே."

"ஒரு மரியாதைக்குத்தான். இவ்வளவு பெரிய மனிசன் நம்மளத் தேடி வந்திருக்காரு."

அவன் புத்தகத்தின் மேல் குனிந்து கட்டங்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தான். விதானையார் சொன்னது அவன் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் முகம் மாறியது.

"குடியும் கேட்டிருக்கே?"

"ஓம்."

"கவுண்மேந்து குடி கேக்கிறல்லயே அண்ணன்."

"அதத்தான் சொல்றன். இது கவுண்மேந்துப் புத்தகம் இல்ல."

நான் ஏமாற்றவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். இருபது வருடம் கச்சேரியில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். ஒன்றாவது ஒருவனுடைய குடியைக் கேட்டதில்லை. குடி கேட்கிற புத்தகம் கோயில் புத்தகமாக இருக்கும், கலியாணப் புத்தகமாக இருக்கும். அதனால் கெடுதல் வரும் என்று மட்டக்களப்பில் பிறந்த எவனுக்கும் தோன்றாது. அவன் சிரித்துக்கொண்டு தன் குடியைச் சொன்னான். தகப்பன் பிறந்த ஊர் என்ற கட்டத்தில்தான் ஒரு கணம் தயங்கினான்.

"அது வேணுமா? அவர் இஞ்ச வளர்ந்த ஆள்தானே."

"பிறந்த ஊர் எண்டு கிடக்கு. உள்ளத எழுதுவம்" என்றேன். அந்தக் கடலோர ஊரின் பெயரை என் அழகான கையெழுத்தில், ஒற்றுக்கு ஒற்று பிழையில்லாமல் எழுதினேன். என் எழுத்தைக் கச்சேரியே மெச்சும். அவன் கீழே ஒப்பமிட்டான்.

ஆறேழு மாதம் கழித்து அவன் பாதையில் நிற்கும்போதே கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் வாசிக்கக் கொண்டுவந்தான். இன்னின்ன பட்டியலில் உள்ளபடி நீர் இந்தியர் என்று அறியக் கிடைத்திருக்கிறது, ஆகையால் சேவையிலிருந்து நிறுத்தப்படுகிறீர், இலங்கையில் தொடர்ந்து தங்குவதற்கு அனுமதி பெற வேண்டும், ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வரலாம். பட்டியலின் அந்த ஒரு வரியைத் தட்டச்சில் அடித்து இணைத்திருந்தார்கள். பெயர் சரி. தகப்பன் பிறந்த ஊர் சரி. நாலாவது கட்டத்தில் அவனுடைய குடி இல்லை. "இந்தியர்" என்று இருந்தது.

வாசித்துச் சொன்னேன். அவன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவன் மனைவிதான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ட புள்ளைகளுமா அத்தான்? அதுகள் என்ட குடி எல்லுவா?"

தகப்பன் இந்தியர் என்று பதிவானால் இங்கே பிறந்த பிள்ளைகளையும் அப்படித்தான் பதிவார்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் பெற்ற மூன்று பெண்களும் அவள் நின்ற வளவுக்கு உரிமைக்காரிகள், அந்த வளவு இருக்கிற நாட்டுக்கு யாரோ.

நான் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். அவரை நேரில் பார்த்துச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும் என்று முழுதாக நம்பினேன். அவர் என்னை மறந்திருக்கவில்லை. கட்டிப்பிடித்தார். எலுமிச்சைத் தண்ணீர் தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மனிதன் இங்கேயே பிறந்தவன், அவன் தகப்பனும் விபரம் தெரிந்த நாளிலிருந்து இங்கேதான், ஒரு வரியை அடித்துவிட்டால் ஒரு குடும்பம் தப்பும் என்று கை கூப்பிக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் பட்டியலின் பிரதியை நானே கொண்டுபோய் உங்கள் அரசாங்கத்திடம் கொடுத்தேன்" என்றார் அமைதியாக. "எங்கள் அலுவலகத்தில் பலர் வேண்டாம் என்றார்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போது பெட்டிக்குள் இருக்கட்டும் என்றார்கள். பக்கத்து நாட்டிடம் பட்டியலை ஒளித்துவைத்துக்கொண்டு நட்பு பேசுவதா? எனக்கு அது வராது."

"குடி எண்டு கேட்ட இடத்தில அவங்க சொன்னது வேற ஐயா. தாய்வழியச் சொன்னாங்க."

"தெரியும். நீங்கள்தானே விளக்கினீர்கள்? அதனால்தான் அதை வேறு யாரிடமும் விடவில்லை. நானே உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் திருத்தினேன்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார்.

அவர் என் தோளில் கை வைத்துத் தன் கதையைச் சொன்னார். அவருக்கு நாலு வயதில் தகப்பன் ரங்கூனுக்குப் போனாராம். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளும் பெற்று, திரும்பி வரவே இல்லையாம். கப்பல் வருகிற நாளெல்லாம் தாய் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாளாம். "போனவர்களைத் திரும்ப அழைக்க அன்றைக்கு நமக்கு ஒரு நாடு இல்லை. இப்போது இருக்கிறது. உங்கள் சகலனை வரச் சொல்லுங்கள். தகப்பன் மண் அவரை ஏற்றுக்கொள்ளும்."

"அந்த ஊரில அவருக்கு ஆரும் இல்ல ஐயா."

"நாடே இருக்கிறதே" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

ரங்கூனில் தொலைத்த தகப்பனை அவர் எங்கள் வாவியில் தேடியிருக்கிறார். அகப்பட்டது என் சகலன். இரண்டு நாடுகளுக்கும் இடையே கடிதம் போகிறது, குழு வருகிறது, கொள்கையில் உறுதி என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் கொள்கை? ஒரு நாலு வயதுப் பிள்ளையின் அழுகைக்குக் கதர் கட்டி மேடையில் ஏற்றிவிட்டால் அது கொள்கையா? கொழும்பில் எங்கள் நாட்டுப் பெரியவர்களும் சும்மா இல்லை. அவர்களுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது, இந்த நாட்டில் ஆள் குறைந்தால் நல்லது என்று. யாரைக் குறைப்பது என்று தெரியாமல் இருந்தவர்களிடம் இவர் நட்புக்கு அடையாளமாகப் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இவ்வளவு ஆத்திரத்தோடு எழுதுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

விசாரணை எங்கள் கச்சேரியிலேயே நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்திருந்தார். விதானையார் சொன்ன சொல் தவறாமல் வந்து, இவன் தகப்பன் இந்த ஊரில் பிறந்தவர் என்று எழுதிக் கொடுத்தார். உத்தியோகத்தர் மேசையின் கீழிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தார். கேட்டதும் மனமுவந்து அனுப்பிவைத்திருக்கிறார் நல்ல மனிதர். பக்கத்தைத் திருப்பி என்னைக் கூப்பிட்டார்.

"இது யாருடைய எழுத்து?"

"என்னுடையது."

"தகப்பன் பிறந்த ஊரை யார் சொன்னது?"

அந்த இடத்தில் ஒரு பொய் போதுமாக இருந்தது. ஊரார் பேசக் கேட்டு நானாக எழுதிவிட்டேன் ஐயா, அவன் சொல்லவில்லை என்றால் போதும். விதானையார் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். சகலன் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான், அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன என்கிற மாதிரி. எனக்கு என் மேசை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, இன்னும் சில வருடத்தில் வரப்போகிற ஓய்வூதியம் தெரிந்தது. அரசாங்க ஊழியன் வெளியார் புத்தகத்தில் பொய்த் தகவல் எழுதினான் என்று என் பெயரில் ஒரு குறிப்பு வரும் என்பதும் தெரிந்தது.

சகலனைக் காட்டி, "இவர்தான் சொன்னார்" என்றேன்.

அன்றைக்கு நானும் உண்மைதான் பேசினேன். அந்தப் பெரிய மனிதர் நம்பிக்கையால் பேசிய உண்மையை நான் பயத்தால் பேசினேன். விளைவு ஒன்றுதான்.

சகலன் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் சண்டையில்லை, அழுகையில்லை. கிணற்றடிக்கு மட்டும் நான் போய் வந்த பிறகு வருவான். படுவான்கரைக்குப் போக வேண்டியிருந்தால் பாதையில் ஏறமாட்டான்; யாருடைய வள்ளத்திலாவது தொற்றிக்கொண்டு போவான். இருவர் மனைவியரும் அக்கா தங்கை என்பதால் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். தங்க அனுமதி கிடைக்கவில்லை, தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போவதற்கான பத்திரங்கள் வந்துவிட்டன என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்திய வாரம் கோயில் திருவிழா முடிவு. கடைசி நாள் பகல் பூசை முடிந்ததும் வண்ணக்கர் சந்நிதியில் நின்று ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியின் மூத்த ஆண் போய் வட்டா என்கிற வெற்றிலைத் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் நாலு வெற்றிலைதான். அதற்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது எங்கள் ஊரில்.

சகலன் எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தான். அவன் குடியின் பெயரை வண்ணக்கர் கூப்பிட்டார். அவன் எழும்பவில்லை. இரண்டாம் தரம், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். சனம் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவன் மெல்ல என் பக்கம் திரும்பினான். மாதக்கணக்கில் பேசாதவன், எல்லோருக்கும் கேட்கும்படி பணிவாகக் கேட்டான்.

"கிளாக்கர் ஐயா, நான் போகலாமா? நீங்கதானே எழுதின ஆள். பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். போ தம்பி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் எழுந்திருப்பானோ என்னவோ. நான் அதையும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு முன்னால் திரும்பி உட்கார்ந்துவிட்டான். வட்டாவில் அவன் பங்கு அப்படியே கிடந்தது.

வண்ணக்கர் அடுத்த குடியைக் கூப்பிட்டார். அது என் குடி. நான் எழுந்து போய் வெற்றிலையை வாங்கிக்கொண்டேன்.